பெட்டிக்குள் ஹென்றி, பட்டியலில் பதினொரு பேர்

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. 'ஹென்றிஸ் ஃப்ரீடம் பாக்ஸ்' படப் புத்தகத்தை மூன்றாவது முறையாக வாசித்து முடித்த இரவு, மூடவிடாமல் கடைசிப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, "அவங்க எங்கம்மா போனாங்க?" என்றாள். யாரைக் கேட்கிறாள் என்றேன். "நான்சியும் பாப்பாங்களும்."

புத்தகம் தெரியாதவர்களுக்காக: எலன் லெவின் எழுதி, கதீர் நெல்சன் படம் வரைந்து 2007-ல் வந்தது. வர்ஜீனியாவின் ரிச்மண்டில் புகையிலைத் தொழிற்சாலையில் அடிமையாக வேலை செய்த ஹென்றி பிரவுன் என்பவரின் உண்மைக் கதை. அவருடைய மனைவி நான்சியையும் குழந்தைகளையும் விற்றுவிடுகிறார்கள். அதன்பின் 1849 மார்ச்சில் அவர் தன்னையே ஒரு மரப்பெட்டிக்குள் அடைத்து, பார்சலாக, அடிமை முறை இல்லாத வடக்கே, ஃபிலடெல்பியாவுக்கு அனுப்பிவிடச் சொல்கிறார். இருபத்தேழு மணி நேரப் பயணம். அடிமைகளுக்குப் பிறந்த நாள் தெரியாது என்று தொடங்கும் கதை, விடுதலை கிடைத்த நாளே அவருக்குப் பிறந்த நாளாகிவிடுவதோடு முடிகிறது. அழகான முடிவு. பிள்ளையைத் தூங்க வைக்கத் தோதான முடிவும்கூட.

அவள் தூங்கவில்லை. பாதிப் புத்தகத்தில் சந்தையில் காணாமல் போன நான்சி கடைசிப் பக்கத்தில் ஏன் இல்லை என்பதுதான் அவள் கவலை. "தெரியலைடா, நாளைக்குப் பாக்கலாம்" என்று விளக்கை அணைத்தேன்.

மறுநாள் தேடியபோதுதான் ஹென்றி பிரவுனே தன் கதையைச் சொல்லி அச்சான நூல் இருப்பதும், அது இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதும் தெரிந்தது. மனைவியை விற்காமல் இருப்பதற்காக அவளுடைய உடைமைக்காரனுக்கு அவர் பணம் கட்டிக்கொண்டிருந்தார். பணத்தையும் வாங்கிக்கொண்டு விற்றுவிட்டான். வண்டியில் போன மூத்த குழந்தை "அப்பா" என்று கூப்பிட்டதையும், சங்கிலியில் நடந்த மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு மைல் தானும் கூடவே நடந்ததையும் எழுதியிருக்கிறார். இந்த நான்கு மைலை மட்டும் மகளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "அப்புறம்?" என்றாள். அப்புறம் அவர்கள் சேரவே இல்லை. ஹென்றி இங்கிலாந்துக்குப் போனார், அங்கே வேறொரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார், மேடைகளில் மாயாஜாலம்கூடச் செய்தார். அதைக் கேட்டதும் அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே! இரண்டு நாள் ஹென்றியோடு பேச்சே இல்லை. கதையில் அவர் அவளுக்கு ஹீரோ. இப்போது ஒரு மனிதர்.

கதைப் புத்தகம் ஒன்று, வரலாற்று நூல் ஒன்று என்று நான் ஜோடி சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியது இப்படித்தான். திட்டமெல்லாம் இல்லை. நாங்கள் இருப்பது மேரிலாண்டில். சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் ஆறேழு பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள், பெற்றோர் கடை கண்ணிக்குப் போய் வரும்வரை. ஏழு வயது முதல் பதின்மூன்று வரை கலவையான கூட்டம். பள்ளியில் பிப்ரவரி மாதம் கறுப்பர் வரலாறு வரும். மார்ச் வந்ததும் போய்விடும். மீதிப் பதினொரு மாதக் கேள்விகள் எங்கள் கராஜுக்கு வந்தன.

முதலில் சொதப்பியதைச் சொல்லிவிடுகிறேன்.

ஹென்றியின் பெட்டி மூன்றடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி எட்டு அங்குலம் ஆழம். இந்த அளவு கைக்குக் கிடைத்ததும், குழந்தைகள் 'உணர வேண்டும்' என்று எனக்கு ஆர்வம் பொத்துக்கொண்டு வந்தது. பழைய அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி ஒட்டி அதே அளவுக்குத் தயார் செய்தேன். முதல் பையன் உள்ளே போனான். இரண்டாவது பையன் டேப் போட்டு ஒட்டினான். மூன்றாவது பெண் அதைப் புரட்டிவிட்டாள். ஒரே சிரிப்பு. "பிரைம் டெலிவரி!" என்று கத்தினார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தப்பு அவர்கள்மேல் இல்லை, பெட்டி கொடுத்தால் பிள்ளைகள் விளையாடத்தான் செய்வார்கள். அடுத்த வாரம் சாக்பீஸால் தரையில் அளவை மட்டும் வரைந்தேன். யாரும் உள்ளே உட்காரக் கூடாது, சுற்றி நின்று பார்க்கலாம். அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருபத்தேழு மணி நேரம் என்றால் இன்றிலிருந்து எப்போது வரை என்று கணக்குப் போட்டார்கள். சனி மதியம் மூன்று மணியிலிருந்து ஞாயிறு மாலை ஆறு மணி. நடுவில் அவர்களுக்கு ஒரு பிறந்த நாள் விருந்து, ஒரு நீச்சல் வகுப்பு, இரவுத் தூக்கம் எல்லாம் இருந்தன. சத்தம் தானாக அடங்கியது.

இரண்டாவது சொதப்பல் இன்னும் மோசம். நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு வரலாற்றுப் புத்தகத்தை நான் புரட்டிப் பார்க்காமலே மேசையில் வைத்துவிட்டேன். அதில் 'புரூக்ஸ்' கப்பலின் வரைபடம் இரண்டு பக்கத்துக்கு விரிந்திருந்தது. 1788-ல் இங்கிலாந்தில் அடிமை வணிகத்தை எதிர்த்தவர்கள் அச்சிட்டுப் பரப்பிய புகழ்பெற்ற படம். நானூற்றுச் சொச்சம் பேரைத் தீப்பெட்டிக் குச்சிபோல அடுக்கியிருப்பார்கள். என் பன்னிரண்டு வயது மகன் அதைப் பார்த்துவிட்டு நல்ல கேள்விகள் கேட்டான். அப்படி அட்லாண்டிக்கைக் கடக்க ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி பேர், உயிரோடு கரை சேர்ந்தவர்கள் 1.07 கோடிக்குச் சற்று அருகில், அதில் நேரடியாக வட அமெரிக்காவுக்கு வந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் குறைவு என்பதெல்லாம் அவன் தேடிக் கண்டுபிடித்து எனக்குச் சொன்னது. அதே படத்தைத் தங்கை பார்த்துவிட்டு ஒரு வாரம் விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். சின்னப் பிள்ளைகளுக்குக் கதை முன்னால் போக வேண்டும், ஆவணம் பின்னால் வரலாம், அதுவும் ஒரே ஒரு துண்டாக. பத்துப் பதினொன்று தாண்டியவர்களுக்கு வரிசையை மாற்றினாலும் பாதகமில்லை. எதுவாக இருந்தாலும் முதல் நாள் இரவே நாம் முழுசாகப் புரட்டிவிட வேண்டும்.

தமிழில் பேசும்போது எனக்கு வந்த இன்னொரு சிக்கலை ஆங்கிலத்தில் யாரும் எழுதியிருக்க வாய்ப்பில்லை. 'அடிமை' என்கிற சொல். குடிக்கு அடிமை, செல்போனுக்கு அடிமை என்று சொல்லியே பழகிவிட்டோம். ஒரு எட்டு வயதுப் பையன், "அப்ப அவங்களால அதை விட முடியலையா ஆன்ட்டி?" என்று கேட்டபோது எனக்கு முதலில் விளங்கவே இல்லை. அவன் வீட்டில் ஐபேடுக்கு அடிமை என்று திட்டு வாங்குகிறவன். அவன் காதில் அடிமை என்றால் கெட்ட பழக்கம் உள்ள ஆள். அன்றிலிருந்து 'அடிமையாக்கப்பட்டவங்க' என்று சொல்லத் தொடங்கினோம். வாய்க்குள் நுழையாத சொல்தான். ஆனால் அப்படிச் சொன்னதும் 'யார் ஆக்கினாங்க?' என்று அடுத்த கேள்வி வந்துவிடுகிறது.

அடிமைத்தனத்திலிருந்து தானும் தப்பி, மற்றவர்களையும் மீட்டு வந்த ஹாரியட் டப்மன் எங்கள் மாநிலத்துக்காரர். பிள்ளைகள் ஒவ்வொருவரும் அவரைப் பற்றிக் குறைந்தது ஒரு புத்தகமாவது படித்தவர்கள். ஒரு சனிக்கிழமை எல்லோரும் தங்கள் தங்கள் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். பெரிய சண்டை. ஒரு புத்தகத்தில் அவர் பத்தொன்பது முறை தெற்கே திரும்பிப் போய் 300 பேரை மீட்டார். இன்னொன்றில் சுமார் பதின்மூன்று பயணம், எழுபது பேர். "யாரோ பொய் சொல்றாங்க" என்றான் ஒருவன். பழைய கணக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாரா பிராட்ஃபோர்ட் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருகிறது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஒவ்வொரு பயணத்தையும் ஆவணங்களோடு ஒப்பிட்டு எண்ணியபோது அது எழுபதாகச் சுருங்கியது. அன்று முதல் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது, புத்தகத்தைத் திறந்ததும் அச்சான ஆண்டைப் பார்ப்பது. பெரியவர்கள் பலருக்கே இல்லாத பழக்கம்.

எழுபது பேர்தானா என்று சிலருக்கு ஏமாற்றம். அப்போது மகன் 1860-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை எடுத்து வைத்தான். அந்த ஆண்டு அமெரிக்காவில் அடிமையாக்கப்பட்டிருந்தவர்கள் ஏறத்தாழ 39.5 லட்சம். எழுபதையும் 39.5 லட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். சற்று நேரம் கழித்து ஒரு பையன் கேட்டான்: "மத்தவங்கல்லாம் ஏன் ஓடல? பயமா?"

குழந்தைகளுக்கான கதைகள் செய்கிற கெடுதல் இது என்று நினைக்கிறேன். கிட்டத்தட்ட எல்லாமே தப்பித்தவர்களின் கதை. பத்துக் கதை படித்த பிள்ளைக்குத் தப்பிப்பது சாதாரணம், தப்பிக்காதவன்தான் விதிவிலக்கு. இதைச் சரிசெய்ய இன்னொரு கதை உதவாது. நாங்கள் ஹாரியட்டின் வாழ்க்கை வரலாற்றுக்கே திரும்பினோம். அவருடைய தங்கை ரேச்சல். அவளை அழைத்துவர ஹாரியட் பல ஆண்டு முயன்றார். ரேச்சல் தன் குழந்தைகளை விட்டுவிட்டு வர மறுத்தாள். 1860-ல் ஹாரியட் கடைசியாகப் போனபோது ரேச்சல் இறந்து போயிருந்தாள். குழந்தைகளை மீட்க லஞ்சமாக முப்பது டாலர் தேவைப்பட்டது. அவரிடம் இல்லை. ஹாரியட் டப்மனாலேயே சொந்தத் தங்கையைக் கொண்டுவர முடியவில்லை. அதோடு 1850-ல் வந்த சட்டம், வடக்கே தப்பி வந்தவரையும் பிடித்துத் திருப்பி அனுப்பச் சொன்னது. கேட்ட பையன் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி எங்கள் கராஜில் வரவே இல்லை.

ஓடுவது மட்டும்தான் எதிர்ப்பு என்றில்லை என்று காட்ட, அடிமையாகப் பிறந்து பின்னால் தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-ல் எழுதிய சுயசரிதையிலிருந்து ஒரு பகுதியை எடுத்தேன். பால்டிமோரில் சிறுவனாக இருந்தபோது வீட்டிலிருந்து ரொட்டி எடுத்துப்போய், பசியோடு திரிந்த வெள்ளைக்காரப் பையன்களுக்குக் கொடுத்து, தனக்கு மறுக்கப்பட்ட படிப்பைப் பதிலுக்குக் கற்றுக்கொண்டார். எங்கள் வீட்டிலிருந்து பால்டிமோர் காரில் அரை மணி நேரம். தமிழ் வகுப்பு போரடிக்கிறது என்று புலம்புகிறவர்கள் அன்று வாயைத் திறக்கவில்லை என்று எழுத ஆசைதான். அடுத்த வாரமும் புலம்பினார்கள்.

போர்வை விஷயத்தில் நானே மாட்டிக்கொண்டேன். 'ஸ்வீட் கிளாரா அண்ட் த ஃப்ரீடம் குவில்ட்' என்ற அருமையான கதை இருக்கிறது, 1993-ல் வந்தது. கிளாரா என்ற சிறுமி தப்பிக்கும் வழியை ஒட்டுப்போர்வையில் வரைபடமாகத் தைப்பாள். கதையாக அது ஒன்றும் தப்பில்லை. ஆனால் அந்தக் காலத்தில் போர்வை வடிவங்களை ரகசியக் குறியீடாகப் பயன்படுத்தினார்கள் என்ற நம்பிக்கை பிற்பாடு பரவி, பள்ளிப் பாடம்வரை போய்விட்டது. நானும் நம்பினேன். வண்ணக் காகிதம் வெட்டி ஒட்டி, "இந்த வடிவத்துக்கு வடக்கே போன்னு அர்த்தம்" என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். பிறகுதான் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை என்று படித்தேன். தப்பி வந்தவர்கள் எழுதிய நூல்களில் இப்படியொரு குறியீடு இல்லை. 1930-களில் அரசு ஆட்களை அனுப்பி, அடிமையாக இருந்து உயிரோடு மிஞ்சிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களிடம் பேட்டி எடுத்தது. அதிலும் இதற்குச் சான்று கிடைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள்முன் உட்கார்ந்து, "ஆன்ட்டி சொன்னது தப்பு" என்றேன். அவர்களுக்குப் பெரிய சந்தோஷம். சுவரிலிருந்த காகிதப் போர்வையைக் கிழிக்க வேண்டாம், கீழே 'இது கிளாராவின் கதை' என்று எழுதி ஒட்டலாம் என்று என் மகள் சொன்னாள். அப்படியே செய்தோம். கதாசிரியர்கள் பலர் கடைசியில் ஒரு குறிப்பு எழுதியிருப்பார்கள், எது நடந்தது, எது கற்பனை என்று. அதை நான் இப்போது முதலில் படிக்கிறேன்.

ஜோடி தேட வேண்டாத ஒரு புத்தகமும் கிடைத்தது. ஆஷ்லி பிரையனின் 'ஃப்ரீடம் ஓவர் மீ', 2016. அவரிடம் 1828-ம் ஆண்டுச் சொத்து மதிப்பீட்டுத் தாள் ஒன்று இருந்தது. மாடு, பன்றி, பருத்தி, அவற்றோடு பதினொரு மனிதர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு விலை. அவ்வளவுதான் அந்தத் தாளில். அந்தப் பதினொரு பேருக்கும் பிரையன் வயது கொடுத்து, முகம் வரைந்து, தொழில் கொடுத்து, அவர்கள் காணும் கனவைக் கவிதையாக எழுதினார். தாள் உண்மை, கவிதை கற்பனை. இரண்டும் ஒரே அட்டைக்குள்.

பெட்டியில் சூடுபட்டவள் என்பதால் இம்முறை நடிக்கச் சொல்லவில்லை. 'நான் ஓர் அடிமை' என்று கட்டுரை எழுதச் சொல்லவும் இல்லை. பட்டியலை மட்டும் காட்டி, ஆளுக்கு ஒரு பெயரை எடுத்துக்கொண்டு அந்த ஆளிடம் மூன்று கேள்வி எழுதுங்கள் என்றேன். "உங்க அம்மா எங்க இருக்காங்க?" "மாட்டுக்கும் உங்களுக்கும் ஒரே தாள்ல விலை போட்டதை நீங்க பாத்தீங்களா?" "உங்களுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" இதெல்லாம் எழுதிய பிறகு கவிதைகளை வாசித்தோம். தங்கள் கேள்விக்குப் பதில் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். சாப்பாட்டுக் கேள்வி கேட்டவன் சமையல் செய்கிற பெண்ணின் பக்கம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அன்று ஒரு பெண் சொன்னாள்: "ஆன்ட்டி, சிவபெருமான்கூட இப்படி ஒரு ஓலை கொண்டு வந்தாருல்ல?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழ் வகுப்பில் சுந்தரர் கதையை நாடகமாகப் போட்டவள் அவள். திருமணப் பந்தலில் கிழவர் வேடத்தில் வந்து, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலை இது, நீ எனக்கு அடிமை என்று சிவன் வழக்காடுவாரே, அதே ஓலை. பெரியபுராணத்தில் நமக்கு அது பக்தி. அந்தப் பிள்ளைக்கு அது சொத்துப் பட்டியல். பரம்பரை பரம்பரையாக ஓர் ஆளை எழுதிக் கொடுக்கலாம் என்பது ஊருக்குத் தெரிந்த வழக்கமாக இருந்தால்தானே கதையில் அந்த வழக்கு நிற்கும்?

"அப்ப நம்ம ஊர்லயும் இருந்துச்சா?"

இருந்தது என்றேன். வயலோடு சேர்த்து உழுகிறவர்களையும் விற்றார்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதி மக்களை. 1843-ல்தான் கம்பெனி அரசு அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்றது. ஆ. சிவசுப்பிரமணியன் எழுதிய 'தமிழகத்தில் அடிமை முறை' என்னிடம் இருக்கிறது. பெரியவர்களுக்கான நூல், நான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு ஜோடியாகச் சிறுவர் கதை ஒன்றைத் தேடிக்கொண்டே இருக்கிறேன், என் கைக்கு இன்னும் சிக்கவில்லை. அன்றிரவு வாட்ஸ்அப்பில் ஒரு தந்தை, "அமெரிக்கா வரலாறு சரிங்க, இதெல்லாம் எதுக்கு பிள்ளைங்களுக்கு?" என்று கேட்டார். கேட்டது உங்கள் பிள்ளைதான் என்று பதில் போட்டேன். அடுத்த வாரமும் பிள்ளையை அனுப்பினார். நல்ல மனிதர்.

மகனுக்கு வேறு ஜோடி. லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'செயின்ஸ்' நாவல், அதோடு எரிகா ஆம்ஸ்ட்ராங் டன்பாரின் 'நெவர் காட்' நூலின் இளையோர் பதிப்பு. நாவலில் வரும் இசபெல் பதின்மூன்று வயதுக் கற்பனைப் பெண், 1776-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு தம்பதிக்கு விற்கப்படுகிறவள். சுதந்திரம் சுதந்திரம் என்று ஊரே கூவும்போது, அவளுடைய சுதந்திரத்தைப் பற்றி எந்தப் பக்கமும் கவலைப்படவில்லை. மற்ற நூலில் வரும் ஓனா ஜட்ஜ் நிஜம். ஜார்ஜ் வாஷிங்டன் வீட்டில் அடிமையாக இருந்தவர், அவர் குடியரசுத் தலைவராக இருந்தபோதே, 1796 மே மாதம், வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வெளியேறிக் கப்பலேறினார். பிடிபடவே இல்லை. 1848-ல் இறக்கும்வரை சட்டத்தின் கண்ணில் தப்பியோடியவராகவே இருந்தார்.

அவரைப் பிடிக்கச் செய்தித்தாளில் வந்த விளம்பரத்தை அச்செடுத்து மகனிடம் கொடுத்தேன். பத்து டாலர் வெகுமதி. முகத்தில் புள்ளிகள், அடர்ந்த முடி என்று அடையாளங்கள். போவாள் என்று சந்தேகிக்க இடமில்லை, போவதற்குத் தூண்டுதலும் இல்லை என்று அதில் ஒரு வரி வரும். மகன் அந்த வரியின் கீழே பேனாவால் கோடு போட்டான். ஓனாவை, வாஷிங்டன் மனைவியின் பேத்திக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுப்பதாக இருந்தார்கள் என்பதை முந்தின நாள்தான் படித்திருந்தான். "பரிசாக் கொடுக்கறது தூண்டுதல் இல்லையாம்மா?" என்றான். பள்ளிச் சுற்றுலாவில் வாஷிங்டனின் பண்ணை வீடான மவுண்ட் வெர்னன் போய் வந்தவன் அவன். அங்கே வாங்கிய வாஷிங்டன் காந்தப் பொம்மை எங்கள் ஃபிரிட்ஜில் இன்னும் இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்று சொல்லி, அந்த விளம்பரத் தாளை அதே காந்தத்தால் ஃபிரிட்ஜில் ஒட்டினான்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. போன மாதம் நூலகத்தில் 'ஹென்றி'யை மறுபடியும் எடுத்தாள். திருப்பிக் கொடுப்பதற்கு முந்தின இரவு பார்த்தால், கடைசிப் பக்கத்தில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள்: 'நான்சி இந்தப் பக்கத்தில் இல்லை. ஹென்றி எழுதிய புத்தகத்தில் தேடவும்.' நூலகப் புத்தகத்தில் இதெல்லாம் ஒட்டக் கூடாது, எடுத்துவிடு என்றேன். சரி என்றாள். காலையில் நூலக வாசலில் திருப்பிப் போடும் பெட்டிக்கு முன்னால் நின்று திறந்து பார்த்தேன். அவள் எடுக்கவில்லை. நானும் அப்படியே போட்டுவிட்டேன்.